நாலு மூலையில் நாலு நிறம்

அம்மா கோட்டாற்றுச் சந்தையிலிருந்து வந்ததும் காய்கறிப் பையைக்கூட இறக்காமல் ஒரு காகித உறையை என் மடிக்கணினியின் மேல் வைத்தாள். 2012 ஆகஸ்ட். செவ்வாயில் புதிய ஊர்தி இறங்கி இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. அது அனுப்பிய முதல் வண்ணப்படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லென்ஸின் தூசி மூடியைக்கூடத் திறக்காமல் எடுத்த படம். அழுக்கேறிய பஸ் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல ஒரே மங்கல். அந்த மங்கலுக்குப் பின்னால் மலை விளிம்பு தெரிகிறதா என்று நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தபோதுதான் உறை வந்து விழுந்தது.

உள்ளே ஒரு பெண்ணின் படம், ஆறு பிரதி. என் மாம்பழ நிறப் பட்டுச்சேலை. அம்மாவின் கல் நெக்லஸ். போன வாரம் ஸ்டுடியோவில் நான் உட்கார்ந்த அதே நாற்காலி. முகம் மட்டும் வேறு யாருடையதோ. பாலில் முக்கி எடுத்ததுபோல வெளுத்திருந்தது. சின்ன வயதில் படியில் விழுந்து வலது புருவத்தில் பட்ட வெட்டு இருபது வருஷமாக என்னோடு இருக்கிறது, அதையும் காணவில்லை.

"கொள்ளாம்லா? நல்லா வந்துருக்குல்லா?" என்றாள் அம்மா.

"யாரும்மா இது?"

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அங்கிருந்தபடியே, ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து படத்தை வாங்கிக்கொண்டு மார்த்தாண்டம் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டு போவாள் என்றும், இதில் தர்க்கம் பண்ண ஒன்றும் இல்லை என்றும் சொன்னாள்.

கல்யாணமே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தேன்; மேலே படிப்பதற்கும் விண்ணப்பித்திருந்தேன்; அதற்குச் சம்மதிக்கிறவர்கள் வந்தால் பேசலாம் என்று அப்பாவிடம் மஸ்கட்டுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். நான் மறுத்தது ஒன்றே ஒன்றைத்தான். என் படம் போவதானால் என் நிறத்தில் போகவேண்டும். இல்லையென்றால் போகக்கூடாது.

இந்தப் பிடிவாதம் செவ்வாயிலிருந்து எனக்கு வந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

2004 ஜனவரியில் நான் ஒன்பதாம் வகுப்பு. செவ்வாயில் அடுத்தடுத்து இரண்டு ஊர்திகள் இறங்கின. செய்தித்தாளில் கைக்குட்டை அளவுக்கு ஒரு படம் போட்டிருந்தான். மை பரவி எது கல் எது நிழல் என்று தெரியவில்லை. அடியில் சின்ன எழுத்தில், ஊர்திகள் எடுக்கும் எல்லாப் படங்களும் உடனுக்குடன் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் என்று இருந்தது. எல்லோருக்கும் என்றால் எனக்கும்தானே? அந்த ஒரு வார்த்தை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

கோட்டாற்றில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே பிரவுசிங் சென்டர் இருந்தது. செங்குத்தான மரப்படி, மேலே போனால் ஆறு கணினி, அவற்றில் துப்பாக்கி விளையாட்டு விளையாடும் பையன்கள். பெண்பிள்ளை தனியாக அங்கே போகக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். நான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததில் சட்டம் திருத்தப்பட்டது. சனிக்கிழமை சாமான் வாங்கப் போகும்போது அம்மாவும் என்னோடு படி ஏறி வருவாள். கணினிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்துவிட வேண்டும்.

அப்படித்தான் செவ்வாயை எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

அப்போதைய இணைப்பில் படம் மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்கும். முதலில் வானம். பிறகு தொடுவானம். அப்புறம் ஒரு கல்லின் தலை. கீழே என்ன இருக்கிறது என்று தெரிய நாலைந்து நிமிஷம் ஆகும். அந்த நாலைந்து நிமிஷத்துக்கு நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பேன். அம்மா வெண்டைக்காய் முற்றலா என்று நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இம்புட்டு தூரம் போயி வெறும் கல்லயா எடுத்துட்டு இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். கல்லைத்தான் எடுக்கப் போயிருக்கிறது என்றேன். கல்லென்றால் சிதறால் மலையில் போய் எடுத்திருக்கலாமே என்றாள். பின்னால் விளையாடிக்கொண்டிருந்தவன் சிரித்தான். அவனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் சிரித்ததற்காகவே அடுத்த படத்தை அம்மா கவனமாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அது ஊர்தி நின்று திரும்பி, தான் வந்த வழியையே எடுத்த படம். வெறும் மண்ணில் இரண்டு சக்கரத் தடம், நெளிந்து நெளிந்து தூரத்தில் போய் மறைகிறது. அம்மா வெண்டைக்காயைப் பையில் போட்டுவிட்டாள். "இது நல்லாருக்கு," என்றாள். "ஒத்தைக்கு நடந்துருக்கு பாவம்."

விடுமுறைக்கு வந்திருந்த அப்பாவிடம் அதே படத்தைக் காட்டினேன். தான் வேலை பார்க்கிற மஸ்கட் பக்கமும் இப்படித்தான் இருக்கும், இதை எடுக்கத் தன்னிடம் சொல்லியிருந்தால் போதுமே என்றார்.

நான் சனிக்கிழமைதோறும் சேர்த்தேன். சேர்க்கச் சேர்க்க ஒரு விஷயம் பிடிபட்டது. அங்கிருந்து வருகிற படம் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். கேமராவுக்கு முன்னால் சின்னச் சக்கரம் ஒன்றில் பல நிறக் கண்ணாடிகள் இருக்கின்றன. ஒரே கல்லைச் சிவப்புக் கண்ணாடி வழியே ஒரு தடவை, பச்சை வழியே ஒரு தடவை, நீலம் வழியே ஒரு தடவை எடுக்கும். மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் நிறம் பிறக்கும். அதை வைப்பது பூமியில் உட்கார்ந்திருக்கிற ஆள். ஆகவே செவ்வாயின் நிறத்தை நானும் செய்யலாம். கோட்டாற்றில், செருப்புக் கடை மாடியில், அம்மா பக்கத்தில் இருக்க, செய்தேன். முதல் படம் சேர்ந்து திரையில் மண் சிவந்து வந்தபோது அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

2005-இல் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். எட்டுப் படங்களைத் தேர்ந்தெடுத்துக் குறுந்தகட்டில் ஏற்றி, கோட்டாற்றிலேயே உள்ள ஸ்டுடியோவில் பெரிதாக அச்சிடக் கொடுத்தேன். ஸ்டுடியோ நடத்திய அண்ணாச்சிக்கு நாற்பது வயதிருக்கும். இரண்டு தொழில் அவருக்கு. ஒன்று கல்யாண ஆல்பம். இன்னொன்று கன்னியாகுமரியில் விற்கிற சூரியாஸ்தமனப் படங்கள். கடலும் பாறையும் ஆரஞ்சுச் சூரியனுமாக, வருகிற சுற்றுலாக்காரர்கள் எல்லாம் வாங்கிப் போகிற அந்தப் படங்களில் பாதி அவர் கடையில் அச்சானவை.

கண்காட்சி அன்று காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் உறையை வாங்கிக்கொண்டேன். எனக்கான மேசையில் வைத்துத்தான் பிரித்தேன்.

வானம் நீலமாக இருந்தது.

எட்டுப் படத்திலும். என் மஞ்சள் கலந்த வெளிர்ச்சிவப்பு வானத்தைக் காணவில்லை. புரட்டாசி மாசம் சுசீந்திரம் வயலுக்கு மேலே இருக்குமே, அந்த வானம் இருந்தது. மண் கடற்கரை மணல்போல வெளுத்திருந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை எட்டாவது படம். அந்த வருஷம்தான் ஊர்தி ஒன்று செவ்வாயில் சூரியன் மறைவதை எடுத்து அனுப்பியிருந்தது. அங்கே அது நம் ஊருக்கு நேர் எதிர்: பகலில் வானம் சிவப்பு, அந்தியில் சூரியனைச் சுற்றி நீலம். அங்கே காற்றில் மிதக்கிற தூசி அப்படிச் செய்கிறது. உலகத்தில் யாரும் பார்த்திராத நீல அந்தி. அண்ணாச்சி அதை மாய்ந்து மாய்ந்து ஆரஞ்சாக்கியிருந்தார். ஒரு விவேகானந்தர் பாறைதான் குறை.

வேதியியல் டீச்சர் வந்து பார்த்துவிட்டு, படங்கள் நன்றாக இருக்கின்றன, மாட்டு என்றார். நான் மாட்டினேன். மாட்டிவிட்டு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து எட்டு அட்டை எழுதி ஒவ்வொன்றுக்கும் கீழே ஒட்டினேன். "இந்த வானத்தின் நிறம் தவறு. உண்மையில் இது மஞ்சள் கலந்த வெளிர்ச்சிவப்பு." "இந்த அந்தியின் நிறம் தவறு. உண்மையில் இது நீலம்." டீச்சர் திரும்பி வந்து, அட்டைகளை எடுத்துவிடு, நடுவர் வருகிற நேரம், அழகாயிருக்கிறதை ஏன் கெடுக்கிறாய் என்றார். எடுக்கமாட்டேன் என்றேன். பிளஸ் ஒன் மாணவி டீச்சரிடம் சொல்லக்கூடிய வாக்கியம் அல்ல அது. சொன்ன பிறகு எனக்கே காது சூடானது. ஆனால் எடுக்கவில்லை.

நடுவர் ஒரு கல்லூரி விரிவுரையாளர். அட்டைகளை எல்லாம் நிதானமாகப் படித்தார். எல்லாமே தப்பு என்று நீயே எழுதி வைத்திருந்தால் நான் எதற்கு மார்க் போட என்று கேட்டார். தப்பு என்று தெரிந்ததற்குப் போடுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிய எரிமலை பொங்கியது; பரிசு அதற்குத்தான். அன்று முழுவதும் வந்த பிள்ளைகள் என்னிடம், "உள்ள நெறம் எங்கட்டி?" என்றுதான் கேட்டார்கள். அந்த உண்மையான நிறத்தைத்தான் என்னால் காட்ட முடியவில்லை.

சாயங்காலம் படங்களைச் சுருட்டிக்கொண்டு நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன். அம்மாவும் வந்தாள்.

அண்ணாச்சிக்கு நான் ஏன் கோபமாக இருக்கிறேன் என்றே விளங்கவில்லை. அவருடைய இயந்திரத்தில் ஒவ்வொரு படமும் சின்னத் திரையில் வரும். சிவப்பைக் கூட்ட, மஞ்சளைக் குறைக்க, வெளிச்சம் ஏற்ற என்று பொத்தான்கள். ஒரு படத்துக்கு மூன்று விநாடி; பார்ப்பார், தட்டுவார், போய்விடும். இருபது வருஷமாகக் கை தானாகச் செய்கிற வேலை.

"ஆகாசம் மஞ்சளா இருந்துது மக்கா. பாத்தா காமாலக்கண்ணு மாதிரி. நான் ஒனக்கு நல்லதுக்குல்லா சரியாக்கித் தந்தேன்."

"அது மஞ்சள்தான் அண்ணாச்சி. நீலம் நம்ம ஆகாசத்துக்கு."

"பின்ன இது யாருக்க ஆகாசம்?"

செவ்வாய் என்றேன். அவர் எந்தச் செவ்வாய்க்கிழமை என்று கேட்காத குறை. அம்மாதான், "வானத்துல இருக்குல்லா, அந்தச் செவ்வா அண்ணாச்சி. ஜாதகத்துல வருமே," என்று விளக்கினாள். அப்புறம்தான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். அங்கே யாரும் போனதில்லையே, அப்படியானால் சரியான நிறம் இதுதான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த நடுவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ஊர்தியின் முதுகில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சூரியக் கடிகாரம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் ஒரு குச்சி, சுற்றிலும் சாம்பல் வளையங்கள், நாலு மூலையில் நாலு நிறச் சில்லு: நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. பூமியில் இருக்கும்போதே அளந்து வைத்த நிறங்கள். ஊர்தி கல்லை எடுக்கும். பிறகு குனிந்து தன் முதுகில் இருக்கிற அந்தக் கடிகாரத்தையும் எடுக்கும். படத்தில் நீலச் சில்லு நீலமாக வந்தால் கல்லின் நிறத்தையும் நம்பலாம். மறுநாள் சனிக்கிழமை. அந்தக் கடிகாரத்தின் படத்தையே மூன்று கண்ணாடியும் சேர்த்துத் தயார்செய்து பெருமையோடு கொண்டுபோய் அவர் திரையில் போட்டேன்.

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "நாலு மூல இருக்கு. செரி. நீ சொன்ன நீலம் எங்க? ரோஸுல்லா இருக்கு."

பார்த்தேன். ரோஸ்தான்.

நான் ஒன்றரை வருஷமாகச் சேர்த்த நிறம் அத்தனையும் பொய்யா? வீட்டுக்கு வந்து நோட்டுகளைப் புரட்டி, அடுத்த சனிக்கிழமை அம்மாவிடம் கெஞ்சி இன்னும் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி உட்கார்ந்து படித்ததில் தெரிந்தது: சிவப்புக்கு என்று நான் எடுத்தது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்துக்கான கண்ணாடி. அந்த வெளிச்சத்தில் நீலச் சில்லு பளிச்சென்று இருக்கும்; சேர்த்தால் ரோஸாகிவிடும். என்னைப்போலவே பலரும் அதில் விழுந்து, படமே மோசடி என்று இணையத்தில் சண்டை போட்டிருந்தார்கள். நான் எட்டுப் படத்தையும் சரியான கண்ணாடியில் புதிதாகச் செய்தேன். என் பழைய வானமும் கொஞ்சம் தப்பாகத்தான் இருந்திருக்கிறது. அம்மாவோடு அண்ணாச்சியிடம் போய் ஒத்துக்கொண்டேன். அதுவும் எளிதாக இல்லை.

அவர் அன்று கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடிகாரத்தின் நாலு மூலையும் சரியாகிற வரைக்கும் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தார். அதே அளவில் மற்றப் படங்களையும் போட்டார். வானம் வந்தது. நீல அந்தி வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் செவ்வாயில் அமெரிக்காவின் முதல் கலம் இறங்கியபோது அதை அனுப்பியவர்களும் வானத்தை நீலமாக்கித்தான் முதல் படத்தை வெளியிட்டார்கள், அப்புறம் திருத்தினார்கள், திருத்தியபோது பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நான் படித்ததைச் சொன்னேன். அவருக்குப் பெரிய ஆறுதல். "அப்பம் அவனுவளும் நம்ம ஆளுதான்," என்றார்.

பிறகு ஈரம் காயக் காய படங்களை மேசையில் பரப்பிக்கொண்டே, இந்த நாலு மூலை வித்தை தனக்குப் புதிது இல்லை என்றார். கல்யாண ஆல்பம் போடும்போது பெண் வீட்டில் முகூர்த்தச் சேலையைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வாராம். சேலையின் நிறம் அச்சில் அப்படியே வரவேண்டும். இல்லாவிட்டால் ஆல்பத்தை எடுக்கமாட்டார்கள்.

"சேல நெறம் ஒரு இழ மாறினா சண்டைக்கு வந்துருவாவ பிள்ளே. மூஞ்சி நெறம் மாறினா சந்தோசப்படுவாவ."

அம்மாவும் அவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினாறு வயது.

ஏழு வருஷம் கழித்து, ஆறு பிரதிகளையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த வாக்கியம்தான் ஞாபகம் வந்தது. மாம்பழ நிறச் சேலை ஒரு இழைகூட மாறவில்லை. இப்போது எல்லாம் கணினி. முகத்தை மட்டும் அண்ணாச்சி தனியாக வளைத்து எடுத்து வெளுத்திருக்கிறார். சேலையைக் காட்டி இனி அவரைப் பிடிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. படத்தைப் பார்த்து, இப்போதுதான் பிள்ளை பார்க்க லட்சணமாக இருக்கிறாள் என்றாள். நான் அந்தப் படம் போகாது என்றேன். வேறு எடுத்துத் தருகிறேன், ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா காப்பி டம்ளரைப் பார்த்தாள். போகும்போது அத்தை பிரதிகளில் ஒன்றை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஒன்று கையில் இருக்கட்டும், நல்ல இடம் வேறு வந்தால் ஆகும் என்றாள்.

அவள் தலை மறைந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒரு படத்துக்கு இத்தனை வீம்பா என்றாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் போகிறது, எல்லோருக்கும் இது தெரியும், நேரில் வந்து பார்க்கத்தானே போகிறார்கள் என்றாள். நேரில் வந்து பார்த்து அவர்கள் முகம் சுருங்குவதை நான் ஏன் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அன்று மத்தியானமே ஒரு அட்டையை வெட்டி வேலையை ஆரம்பித்தேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சதுரம். நாலு மூலையில் நாலு நிறம், ஊர்தியில் இருந்தது போலவே. நடுவில், அங்கே குச்சி நின்ற இடத்தில், ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு என் நிறம். முகத்தை வெளுத்தால் பக்கத்தில் இருக்கிற வட்டம் காட்டிக்கொடுக்கும். வட்டத்தையும் சேர்த்து வெளுத்தால் மூலைகள் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் என் நிறம் எந்தப் புட்டியிலும் இல்லை. பழுப்பு எடுத்தேன், செங்கல்லாக இருந்தது. கறுப்புச் சேர்த்தேன், செத்துப்போய்விட்டது. மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, துளி நீலம். தாளில் தடவி, காயவிட்டு, முன்கையில் ஒட்டிப் பார்ப்பேன். பூசின இடம் எங்கே, தோல் எங்கே என்று தெரியாமல் போகவேண்டும். ஏழெட்டுத் துண்டு வீணாயிற்று. அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா கடைசியில் பொறுக்கமாட்டாமல் வந்துவிட்டாள். சேலைக்கு ரவிக்கைத் துணி எடுப்பதில் கோட்டாற்றுக் கடைக்காரர்களை அழவைக்கிற கண் அவளுக்கு. சிவப்புக் கூடிப்போச்சு என்றாள். இன்னும் ஒரு சொட்டு மஞ்சள் விடு என்றாள். ஜன்னல் பக்கம் வா, லைட்டில் பார்க்காதே என்றாள்.

பத்தாவது துண்டோ என்னவோ. என் முன்கையில் வைத்ததும் காணாமல் போய்விட்டது. அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, கொஞ்சம் தயங்கி, தன் முன்கையில் வைத்தாள். அங்கேயும் காணாமல் போயிற்று.

அம்மா துண்டை என்னிடம் திருப்பித் தந்தாள். பிறகு அவளாகவே சொன்னாள். அவள் கல்யாணத்துக்காக மாப்பிள்ளை வீட்டுக்குப் போன படத்தை வடசேரியில் ஒரு ஸ்டுடியோவில் வெளிச்சத்தை நிறைய அடித்து எடுத்தார்களாம். மூக்கே தெரியாத அளவுக்கு வெள்ளை. கல்யாணம் முடிந்து வந்த முதல் நாள் அத்தை அந்தப் படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறாள்.

"படத்துல வந்த பொண்ணு எங்கன்னு கேட்டா. வெளையாட்டுக்குத்தான். எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன்."

எத்தனை நாள் கேட்டாள் என்றேன். நீ பிறக்கிற வரைக்கும் என்றாள் அம்மா. பிறந்த பிறகு உன் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

புதன்கிழமை இரண்டு பேரும் ஸ்டுடியோவுக்குப் போனோம். அண்ணாச்சிக்கு இந்த ஏழு வருஷத்தில் தலை நரைத்திருந்தது. போன தடவை படம் எடுத்தபோது என்னைத் தெரியாதவருக்கு, அட்டையைக் கண்டதும் யாருடைய வேலை இது என்று ஞாபகம் வந்துவிட்டது. "செவ்வாக்காரி," என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து அட்டையைக் கழுத்துக்குக் கீழே நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். போலீஸ் ஸ்டேஷனில் நம்பர் பலகை பிடிக்கிறவர்கள் மாதிரி இருக்கிறது என்று அம்மா முணுமுணுத்தாள். எடுத்து முடித்ததும் நான் அவர் கணினிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அம்மாவும் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டாள். அண்ணாச்சியின் கை பழக்கத்தில் முகத்தை வளைக்கப் போனது. "வேண்டாம்," என்றேன். எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் புருவத்து வெட்டுக்குப் போனது. "அதுவும் வேண்டாம்."

"எனக்க கைக்கு வேற ஒண்ணும் தெரியாது மக்கா," என்றார் அவர், குறைப்பட்டுக்கொள்வதுபோல.

அச்சு வந்ததும் அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதல் அச்சில் பச்சை கெட்டிருந்தது. இரண்டாவதில் வட்டம் சரியில்லை. மூன்றாவதில் நாலு மூலையும் நடு வட்டமும் கையில் இருந்ததும் படத்தில் இருந்ததும் ஒன்றாக இருந்தன. அதற்கு மேலே என் முகம். முதல் தடவையாக ஒரு படத்தில் எனக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அழகாக இருந்தேன் என்றும் நினைத்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அட்டையை மட்டும் வெட்டிவிடட்டுமா என்று அண்ணாச்சி கேட்டார். அம்மா ஆமென்று சொல்ல வாயெடுத்தாள். அட்டை இல்லையென்றால் எதை வைத்து நம்புவார்கள் என்றேன். அட்டையோடுதான் மார்த்தாண்டத்துக்குப் போனது.

பதில் வர இரண்டரை மாசம் ஆயிற்று. நவம்பரில் ஒரு மத்தியானம் நான் அம்மாவுக்குப் புதுப் படம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தேன். புதிய ஊர்தி கையை நீட்டி நீட்டித் தன்னையே துண்டு துண்டாக எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிய படம். நெற்றி நிமிர்ந்து நிற்கிறது. சக்கரமெல்லாம் செம்மண். "தூசியக்கூடத் தட்டாம நின்னுருக்கு பாரு," என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தை வந்தாள்.

செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் சரிப்பட்டு வரவில்லை. பெண் பெயின்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறாளா என்று கேட்டார்களாம். நிறத்தைப் பற்றியும் ஏதோ சொன்னார்கள், அதைத் தன் வாயால் சொல்லவேண்டாம் என்று சொல்லி, அதையும் சொன்னாள். சரி, போனது போகட்டும், கருங்கல் பக்கம் ஒரு இடம் இருக்கிறது, இந்தத் தடவை அட்டை கிட்டை என்று கோட்டித்தனம் வேண்டாம் என்று கைப்பையைத் திறந்தாள். ஆகஸ்டில் எடுத்து வைத்த அந்த வெள்ளைப் படம் வெளியே வந்தது.

நான் எழுந்தேன். எனக்கு முன்னால் அம்மா எழுந்துவிட்டாள். அத்தைக்கு முன்னால் அம்மா நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. எப்போதும் காப்பி டம்ளரோடுதான் பேசுவாள்.

"அத இங்க தாருங்க மைனி," என்றாள்.

அத்தை கொடுக்கவில்லை. கருங்கல்காரர்களும் கையைவிட்டுப் போனால் என்ன செய்வாய் என்று கேட்டாள்.

"போட்டும். சேல நெறம் மாறினா ஸ்டுடியோவுல போய் சண்ட போடுதோம்லா. எம் பிள்ளைக்க நெறத்த மாத்தினா நான் சும்மா இருக்கணுமா? படத்துல வந்த பொண்ணு எங்கன்னு இவகிட்ட ஒருத்தரும் கேக்கப்பிடாது மைனி."

குரல் உயரவே இல்லை. அத்தை அம்மாவைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் தான் கேட்ட கேள்வி என்று அவளுக்கு ஞாபகம் வந்ததா, வரவில்லையா, எனக்குத் தெரியாது. படம் மட்டும் கைமாறியது. அம்மா அதை இரண்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் அட்டையோடு இருக்கிற படங்களில் மீதி மூன்று இருந்தன. அத்தையின் பைக்குள் அவளே வைத்தாள்.

"கருங்கல்லுக்கு இதக் கொண்டு போங்க," என்றாள். "அட்டைய வெட்டப்பிடாது."